மூன்று இடத்தில் கையெழுத்து

ஒஸ்லோவில் எந்தத் தமிழ் மண்டபத்துக்குள் நுழைந்தாலும், அண்ணாவைக் கால்பந்தாட்டக்காரர் ஆக்கியவர் ஒருவராவது அங்கே இருப்பார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் விளையாட்டுப் போட்டி நடத்திய மாஸ்டர், திறமையை முதலில் கண்டது தான்தான் என்பார். தான் வாங்கிக் கொடுத்த சப்பாத்தில்தான் எல்லாம் தொடங்கியது என்று ஒரு மாமா சொல்வார். அந்தக் கால்களுக்குள் இருப்பது தன்னுடைய கணவாய்க் கறி என்று சொல்லும் அன்ரி ஒருவரும் இருக்கிறார். நான் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். உண்மையில் அண்ணாவை அனுப்பிவைத்தது நான். பத்து வயதில், ஒரு பின்னேரம், வாய் கூசாமல் பொய் சொல்லி அனுப்பிவைத்தேன்.

அண்ணாவுக்கு அப்போது பதினேழு வயது. பதின்மூன்று வயதில் ஒரு பெரிய கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு வருடம் பார்த்துவிட்டு, ஆள் சின்னன் என்று திருப்பி அனுப்பியது. அதற்குப் பிறகு ஸ்டோவ்னரில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருந்த மைதானத்தின் ஐந்தாம் டிவிஷன் அணிதான் அவருக்குக் கிடைத்தது. அந்த அணியில் கோல் காத்தவர் குழாய் திருத்துகிறவர். நடுவில் ஆடியவர் பஸ் சாரதி. வேலை முடியப் பிந்தினால் இரண்டாம் பாதிக்குத்தான் வருவார். பார்வையாளர்கள் என்று சொல்ல நாலைந்து மனைவிமாரும், அவர்களின் தள்ளுவண்டிக் குழந்தைகளும், நானும் இருந்தோம். பெரிய ஆம்பிளைகளின் முழங்கைகளுக்கு நடுவே அண்ணா புகுந்து புகுந்து ஓடுவார். வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால் செயற்கைப்புல்லின் கறுப்பு ரப்பர்த் துகள்கள் குளியலறை முழுக்கக் கொட்டும். அம்மா சலவை இயந்திரத்தைத் திறக்கும்போதெல்லாம் அண்ணாவுக்குப் பேச்சு விழும்.

ஒரே பருவத்தில் அந்த அணி மேலே ஏறியது. அடுத்த வருடம் நகரத்தின் மறுபுறத்தில் மூன்றாம் டிவிஷனில் ஆடிய கழகம் ஒன்று அண்ணாவைக் கேட்டது. பள்ளிக்கூடம் முடிந்ததும் டி-பானே ரயில் ஏறி, நடுவில் மாறி, பிறகு பஸ் பிடித்துப் பயிற்சிக்குப் போவார். அங்கேயும் கோல்கள் அடித்தார். அப்பா ஆட்டங்களுக்கு வருவார், ஆனால் ஆட்டம் பார்க்க வந்தவரைப் போல நிற்க மாட்டார். மற்றப் பெற்றோர் நிற்கிற பக்கம் வராமல், எதிர்ப்பக்க வேலிக்கு வெளியே, கார்ச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு தனியே நிற்பார். பனி கொட்டினாலும் அப்படித்தான். அண்ணாவைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போக வந்து காத்திருக்கிறார் என்றுதான் நான் நம்பினேன்.

இலை கொட்டும் மாதத்தில்தான் அந்தத் தொலைபேசி வந்தது. மேற்குக் கரையில், ரயிலில் ஏழு மணிநேரத் தூரத்தில் இருந்த ஒரு தொழில்முறைக் கழகம் அண்ணாவை வேண்டும் என்றது. பதினெட்டு ஆகாதபடியால் பெற்றவர் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். கழகத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து கதைப்பார் என்றார்கள்.

வராமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கிற அளவுக்கு அது கெட்ட நேரம். மன்னாரிலிருந்து பெரியப்பா விசாவில் வந்து எங்கள் வீட்டில் நின்றார். அப்பாவைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தது அவர், படிக்க வைத்தது அவர், கொழும்புவரை கூட்டிக்கொண்டுபோய் விமானம் ஏற்றியதும் அவர். பெரியப்பா இருக்கும் கதிரைக்கு நேரே அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததை நான் கண்டதில்லை. அந்தப் பெரியப்பா சாப்பாட்டு மேசையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“பந்தடிக்கப் பிள்ளையை விடுறதோ? ஊருக்குப் போய் நான் என்னெண்டு சொல்லுறது? இஞ்சினியருக்குப் படிக்கட்டும்.”

“ஓம் அண்ணை,” என்றார் அப்பா.

அண்ணா பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டுப் போனார். அன்றிரவு அறைக்குள் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பெரியப்பா சீக்கிரம் ஊருக்குப் போய்விட வேண்டும் என்று புனித அந்தோனியாரிடம் கேட்டேன். அவர் போக இன்னும் இரண்டு கிழமை இருந்தது. கழகத்துக்காரர் நாளை மறுநாள் வருகிறார்.

எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். வாசல் கால்மிதிக்கு உள்ளே தமிழ் மட்டும்தான். மின்சாரம் திருத்த வந்த நோர்வேக்காரரிடம்கூட அப்பா தமிழில்தான் கதைப்பார். நாங்கள் மொழிபெயர்க்க வேண்டும். எங்களுக்குத் தமிழ் மறக்காமல் இருப்பதற்காக என்று அவர் சொல்வார். அப்பாவுக்கு அந்த மொழி சரியாக வராது, அதற்காகத்தான் இந்தச் சட்டம் என்பது என் முடிவு. கடையில் அவர் பால் கேட்கும் அழகைக் கேட்டு, நானும் அண்ணாவும் தெரியாதவர்களைப் போலத் தள்ளி நின்றிருக்கிறோம். ஆஸ்பத்திரிச் சமையலறையில் பத்தொன்பது வருடம் இவர் எப்படி வேலை செய்கிறார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

கழகத்துக்காரர் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நிலைக்குக் குனிந்து வரவேண்டிய உயரம். அம்மாவுக்கு அன்று முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. போகுமுன் பற்றீஸ் பொரித்து வைத்திருந்தார். பெரியப்பா வேட்டியும் கம்பளிச் சட்டையுமாகச் சோபாவின் நடுவில் இருந்தார். அண்ணாவைப் பார்த்து அப்பா, “நீ வாய் திறக்கக் கூடாது,” என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இருத்தி, “நீ சொல்லு,” என்றார்.

வந்தவர் நிதானமாகப் பேசினார். உங்கள் மகனைப் போல உடம்பைத் திருப்பத் தெரிந்த பிள்ளைகளை அடிக்கடி காண்பதில்லை, ஜனவரியிலிருந்து எங்களோடு இருக்கட்டும், காலையில் பயிற்சி, பிறகு பள்ளிக்கூடம் என்றார். அதுவரை நான் ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தேன். அப்பா தொண்டையைச் செருமினார்.

“எங்கடை குடும்பத்திலை பந்தடிச்சுச் சோறு திண்ட ஆள் ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லு. பிள்ளை படிக்கவேணும். நான் விடமாட்டன் எண்டு சொல்லு.”

பெரியப்பா தலையை ஆட்டினார். நான் அண்ணாவைப் பார்த்தேன். அவர் தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. அந்தக் காதுகளைப் பார்த்ததும் எனக்குள் என்ன நடந்ததோ தெரியாது. வந்தவரின் பக்கம் திரும்பி நோர்வேஜிய மொழியில் சொன்னேன்: எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு அதிர்ஷ்டம் ஒருவருக்கும் கிடைத்ததில்லையாம், அப்பாவுக்கு மிகவும் சந்தோஷமாம், ஆனால் அண்ணா படிக்கவும் வேண்டுமாம்.

அண்ணாவின் கால் என் காலை மிதித்தது. வந்தவரின் முகம் மலர்ந்தது. படிப்பு கட்டாயம் இருக்கும், அதற்கு நான் பொறுப்பு என்றார்.

“என்னவாம்?” என்றார் பெரியப்பா.

“அவருக்கு விளங்குதாம் பெரியப்பா. படிப்புத்தானாம் முக்கியம்.”

“மரியாதை தெரிஞ்ச மனிசன்,” என்று சொல்லி, பெரியப்பா தன் கையால் இன்னொரு பற்றீஸை எடுத்து அவர் தட்டில் வைத்தார். உறைப்பில் மனிதருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிள்ளையை விடமாட்டார்கள் என்ற கவலையில் அழுகிறார் என்று பெரியப்பா இரக்கப்பட்டார்.

சந்தோஷத்தில் வந்தவர் வேகமாகக் கதைக்கத் தொடங்கினார். மைதானத்துக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் இருக்கிறார்கள், மேல்மாடியில் அறை, சைக்கிளில் பத்து நிமிடம், அவர்களிடம் பெரிய நாய் ஒன்றும் இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனார். இத்தனையையும் பெரியப்பாவுக்குக் கேட்கத் தமிழில் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். “எங்கடை வீடு நல்ல வடிவாம், பற்றீஸும் நல்லாம்,” என்று சுருக்கிவிட்டேன்.

“அந்த நாய் கடிக்குமோ எண்டு கேள்,” என்றார் அப்பா.

கேட்டேன். பதின்மூன்று வயதுக் கிழட்டு நாய், கடிக்கப் பல்லும் இல்லை என்று பதில் வந்தது.

“எந்த நாய்?” என்றார் பெரியப்பா.

“இந்த நாட்டிலை வீடெண்டா நாயும் இருக்கும் அண்ணை,” என்று சொல்லிவிட்டு அப்பா தேத்தண்ணியைக் குடித்தார்.

அடுத்த ஆபத்து மேசைக்கு வந்தது. வந்தவர் பையிலிருந்து கடதாசிகளை எடுத்து, பேனாவையும் வைத்து, மூன்று இடத்தில் கையெழுத்து வேண்டும் என்றார். அண்ணா இப்போது நேராக என்னைப் பார்த்தார். அவருடைய வாழ்க்கை முழுக்க என் நாக்கு நுனியில் நிற்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

“அப்பா, இவர் இஞ்சை வந்து போனதுக்கு அடையாளமா ஒரு கையெழுத்து வேணுமாம். மூண்டு இடத்திலையாம்.”

“வந்து போனதுக்கு மூண்டு கையெழுத்தோ?” என்றார் பெரியப்பா. “வாசிச்சுப்போட்டு வை.”

“வாசிச்சா எனக்கு விளங்கவே போகுது அண்ணை,” என்று சொல்லியபடி அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். எழுத்துக் கூட்டுகிறார், பாவம் என்று நான் நினைத்தேன். பிறகு மூன்று இடத்திலும், எங்கே என்று ஒருவரும் காட்டாமலே, தன் நீளமான பெயரை முழுதாக எழுதினார். வந்தவரை வழியனுப்ப லிஃப்ட் வரைக்கும் போனவர் திரும்பிவர இருபது நிமிடம் ஆனது. எங்கள் லிஃப்ட் எப்போதும் பிந்தித்தான் வரும்.

பெரியப்பா ஊருக்குப் போன பிறகு, இது என்ன கடதாசி என்று அப்பா கோபப்படப்போகும் நாளுக்காக நான் நடுங்கிக் காத்திருந்தேன். அப்படி ஒரு நாள் வரவில்லை. ஜனவரியில் அப்பா அண்ணாவின் பெட்டியைத் தன் கையால் கட்டி ரயிலில் ஏற்றினார். பெரியப்பாவுக்கு, அங்கே பள்ளிக்கூடம் திறமாம் என்று சொல்லப்பட்டது. அது பொய்யுமில்லை.

அடுத்த வருடம், வெயில் காலம். அண்ணாவை முதல் தடவையாகப் பெரிய ஆட்டத்தில் இறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் குடும்பத்தோடு ரயில் ஏறினோம். ஐந்தாம் டிவிஷனில் நாலைந்து தள்ளுவண்டிகள் பார்த்த அண்ணாவை, அன்று ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் எங்கள் அப்பாவின் பெயரை அவர்கள் கடித்துக் குதறியபோதுகூட எனக்கு இனித்தது. எழுபதாவது நிமிடம் உள்ளே வந்தார். எண்பத்தைந்தாவது நிமிடம், அதே புகுந்து ஓடுகிற ஓட்டம். இரண்டு பேரைக் கழித்துவிட்டு இடது காலால் மூலையில் போட்டார். அம்மா அழுதார். நான் கத்திய கத்தலில் இரண்டு நாள் குரல் வரவில்லை. அதற்குப் பிறகு ஒருவன் அண்ணாவைத் தட்டி விழுத்த, அப்பா துள்ளி எழுந்து நடுவரைப் பார்த்து நோர்வேஜிய மொழியில் ஒரு முழு வசனம் சொன்னார். முன்வரிசைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அவருடைய தோளில் தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னதைக் கேட்டுத் திருப்பிச் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். இரவு மன்னாரிலிருந்து வைபர் அழைப்பில் பெரியப்பா வந்தார். “இவன் பந்திலை வருவான் எண்டு நான் அண்டைக்கே சொன்னனானெல்லே?” என்றார். “ஓம் அண்ணை,” என்றார் அப்பா.

இந்தக் கதையை எத்தனையோ பேருக்கு, பொய் சொன்ன பெருமையோடு சொல்லியிருக்கிறேன். போன வருடம் வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் ஒரு தோழிக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், பாதியில் என் வாய் நின்றுவிட்டது. நாய். நாயைப் பற்றி நான் தமிழில் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக அப்பாவை நினைத்து நெஞ்சு நிறைந்துபோய் இருந்தது. தமையனுக்குக் கேட்க மறுப்பைத் தமிழில் சொல்லிவிட்டு, மற்றதை என்னிடம் விட்டிருக்கிறார். நான் என்ன செய்வேன் என்று என்னைவிட அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்போதுதான் கழகத்துக்காரர் வந்துபோனதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நினைவுக்கு வந்தது. தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு முன்னால் சுவாமி பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கூண்டுக்குள் போய், அப்பாவை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினேன் என்று சொல்லி அழுதேன். சுவாமி சிரிப்பை இருமலாக்கிவிட்டு, பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். வெளியே வந்தபோது வரிசையில் அடுத்த ஆளாக அப்பா நின்றார். நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் மட்டும் அந்தப் பக்கம் போகிறவர். எனக்குத் துணையாக வந்து நிற்கிறார் என்று நினைத்தேன். என்னுடைய மூன்றும் உடனே முடிந்துவிட்டன. அப்பா வந்து என் பக்கத்தில் முழந்தாளிட்டு, முன்வாங்கிலில் இருந்த பெரியப்பாவின் முதுகைப் பார்த்தபடி, செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியையும் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குச் செபமும் கெதியாகச் சொல்ல வராது என்று நினைத்துக்கொண்டு, நான் காலை ஆட்டியபடி அவருக்காகக் காத்திருந்தேன்.