நாய் முடி எடுக்கும் மெஷின்

ஒரு வாஷிங் மெஷினைத் தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டரை மாதம் ஆனது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அரை மணி நேரத்தில் தலையாட்டிவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தவன் நான். இந்த விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு நிதானம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மலைமேல் அட்டுவம்பட்டியில் ரோட்டுக்குக் கீழே சரிவில் எங்கள் வீடு. நான், என் மனைவி, மூன்று நாய்கள். மகன் பெங்களூரில் இருக்கிறான். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். நாய்கள் மூன்றும் நான் கொண்டுவந்தவை. சீசனுக்கு வந்தவர்கள் காரிலிருந்து இறக்கிவிட்டுப் போன செவலை நாய் ஒன்று, சந்தைக்குப் போன இடத்தில் காலோடு ஒட்டிக்கொண்ட கறுப்பு ஒன்று, யாருடையது என்றே தெரியாமல் வாசலில் வந்து படுத்துக்கொண்ட கிழடு ஒன்று. இரக்கப்பட்டவன் நான், சோறு வைத்தவள் அவள். ஊரில் எனக்குத்தான் நல்ல மனசுக்காரன் என்று பெயர்.

எங்கள் பக்கம் நாயை ராத்திரி வெளியே விட முடியாது, சிறுத்தை தூக்கிவிடும். முன்பு நான்காவதாக ஒன்று இருந்தது. ஒரு நாள் காலையில் அதன் கழுத்துப்பட்டை மட்டும் வேலியோரம் கிடந்தது. அதற்குப் பிறகு மற்ற மூன்றும் வீட்டுக்குள்ளேதான் படுத்தன. பழைய கம்பளிகளை மடித்துப் போட்டிருந்தோம். பனியில் நனைந்து வந்து அந்தக் கம்பளியில் புரளும், உதறும், பிறகு அவளுடைய கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். வீட்டில் முடி இல்லாத இடமே கிடையாது. இட்லியில்கூட ஒரு தடவை இருந்தது. நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.

போன வருடம் பனிக்காலத்தில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் படியேறும்போது மட்டும். பிறகு பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி மூச்சைத் தேடுவாள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வீட்டில் நாய் இருக்கிறதா என்றார். மூன்று என்றேன். அனுப்பிவிடுங்கள் என்றார். என் முகத்தைப் பார்த்து, முடியாதென்றால் கம்பளி, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்க வேண்டும், ஒரு முடி இருக்கக் கூடாது என்றார். எனக்கு உயிர் வந்தது. நாயை அனுப்பச் சொன்னது காதில் விழாத மாதிரி, வெந்நீர் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே நோட்டுத் தாளில் கோடு போட்டு அட்டவணை எழுதினேன். முப்பது வருடக் கிளார்க் புத்தி, வேறென்ன செய்யும்? செமி ஆட்டோமேட்டிக் வாங்கினால் ஈரக் கம்பளியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப் போட வேண்டும், அவளால் முடியாது. மேலே திறக்கிற மெஷினில் முடி தண்ணீரில் மிதந்து மறுபடி துணியிலேயே ஒட்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். முன்னால் திறக்கிற மெஷின் தானே வெந்நீர் காய்ச்சிக்கொள்ளும், ஆனால் அதன் ரப்பர் வளையத்தில் முடி சேர்ந்து நாறும் என்று இன்னொரு வீடியோ சொன்னது. அதற்குத் தண்ணீர் வேறு வேகமாக வர வேண்டும். எங்கள் தொட்டி கூரைக்கு மேல் ஒரு முழம்கூட உயரமில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் யோசித்து யோசித்துத்தான் வரும். கரண்டோ, சாயங்காலமானால் பல்பில் இருக்கிறதா இல்லையா என்று கிட்டப் போய்ப் பார்க்கிற அளவுக்கு இருக்கும்.

நாயுடுபுரத்தில் இருந்த கடைக்கு நான்கு முறை போனேன். மூன்றாம் முறை நாய்க் கம்பளியையே பையில் எடுத்துப் போய்க் கடை நடுவில் விரித்தேன். "இது போகுமா, அதச் சொல்லுங்க" என்றேன். முடி பறந்தது. மிக்ஸி வாங்க வந்திருந்த ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். கடைக்காரர் பொறுமைசாலி. எந்த மெஷினானாலும் துணியை முதலில் வெளியே வைத்து நன்றாக உதறிவிட்டுத்தான் போட வேண்டும் சார் என்றார். உதறினால் அவளுக்கு மூச்சு வாங்கும், அதற்குத்தானே மெஷினே என்று நான் கத்தினேன். நான்காம் முறை போனபோது என்னைப் பார்த்ததும் அவர் உள்ளே போய்விட்டார்.

மகன் போனில், அம்மா முக்கியமா நாய் முக்கியமா என்று ஒரே வார்த்தையில் கேட்டான். வெரசா ஒரு முடிவெடுங்க என்றான். மெஷின் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால், மெஷினைத் தேடிக்கொண்டிருந்தவரை அவன் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்காகவே தேடினேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. வாரா வாரம் கீசரில் வெந்நீர் பிடித்துக் கம்பளிகளை ஊறவைத்தாள், கும்மினாள், அலசினாள். பனிமூட்டமாக மஞ்சு இறங்கினால் துணி நான்கு நாளானாலும் காயாது. இரண்டாம் நாளே எடுத்து வந்து சமையலறையில் கொடி கட்டிப் போடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எந்த மெஷினுக்கு எத்தனை வருட வாரண்டி என்று வாசித்துக் காட்டுவேன். அவளும் கேட்டுக்கொண்டே பிழிவாள்.

மே மாதம் ஒரு நாள் முதல் பஸ்ஸில் திண்டுக்கல் போனேன். அங்கே பெரிய கடையில், வெந்நீரும் காய்ச்சி, துணியைச் சூட்டில் உலர்த்தியும் கொடுக்கிற மெஷின் ஒன்று இருந்தது. உலரும்போது முடியெல்லாம் தனியே ஒரு வலையில் சேர்ந்துவிடும் என்று விற்கிற பெண் கழற்றிக் காட்டினாள். அந்த வலையைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பணம் கொடுத்தேன், நான்கு நாளில் மேலே வந்துவிடும் என்றார்கள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எல்லாம் தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பெருமாள்மலை தாண்டியதும் வண்டி நின்றது. சீசன் கூட்டம். மலை நெடுக வண்டிகள் வரிசையாக நின்றன. அரை மணி நேரம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, அண்ணிக்கு மூச்சே வரமாட்டேங்குது. கொல்லையில விழுந்து கெடந்தாங்க. ஆஸ்பத்திரிக்கு ஜீப்புல ஏத்தியாச்சு, நீங்க வெரசா வாங்க."

எங்கே வெரசாக வருவது? பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். அறுபது வயதில் ஓட்டம் என்பது பேச்சுக்குத்தான். கொஞ்ச தூரம் ஓடுவேன், பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கார்களில் இருந்தவர்கள் பாட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டு என்னை வேடிக்கை பார்த்தார்கள். கையில் மெஷின் படம் போட்ட தாள்கள் இருந்தன, அதை எறியக்கூடத் தோன்றவில்லை. எனக்கு மூச்சு இரைத்தபோதுதான் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது முதல் தடவையாக என் புத்தியில் ஏறியது. சாமி, அவளை விட்டுவிடு, அவளை விட்டுவிடு என்று பழனி இருக்கிற திசை எதுவென்றுகூடத் தெரியாமல் கும்பிட்டுக்கொண்டே நடந்தேன். வண்டிகளுக்கு நடுவே பைக்கில் புகுந்து வந்த ஒருவர் மீதித் தூரம் ஏற்றிப் போனார்.

நடந்தது இதுதான். அன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை, கீசர் ஓடவில்லை. ஆனால் அது கம்பளி துவைக்கிற நாள். டாக்டர் சொன்ன வாரக் கணக்கை அவள் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. கொல்லையில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டியிருக்கிறாள். தூறலில் நனைந்த விறகு, தீ பிடிக்காமல் புகைந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்தப் புகைக்குள் குனிந்து ஊதி ஊதித் தண்ணீர் காய்ச்சி, கடைசிக் கம்பளியைப் பிழியும்போது விழுந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டிருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. கையைப் பிடித்தேன். விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன, விரலிடுக்கில் செவலை நாயின் முடி ஒட்டியிருந்தது. பயத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. ஒரு ராத்திரி தாண்ட வேண்டும் என்றார்கள். தாண்டினாள். மூன்றாம் நாள் அவள் தங்கை வந்து, கீழே வெயிலில் இருந்தால் மூச்சு சரியாகும் என்று வத்தலக்குண்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். எத்தனை நாள் என்று கேட்டேன். பாக்கலாம் மாமா என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்தேன். இரண்டரை மாதம் முடியாத காரியம் அரை மணி நேரத்தில் முடிந்தது. பள்ளங்கியில் என் மச்சானுக்குப் பூண்டுக் காடு இருக்கிறது, பன்றித் தொல்லைக்கு நாய் வேண்டுமென்று முன்பே கேட்டிருந்தார். ஜீப் வரச்சொல்லி மூன்றையும் ஏற்றினேன். சவாரி என்று நினைத்து இரண்டு வாலாட்டிக்கொண்டே குதித்து ஏறின. கிழட்டை நான்தான் தூக்கி வைத்தேன்.

மறுநாள் மெஷின் வந்தது. மாட்டிக் கொடுக்க வந்தவர், அம்மாவைக் கூப்பிடுங்கள், எப்படி ஓட்டுவதென்று ஒரு தடவை காட்டிவிடுகிறேன் என்றார். அவள் இல்லை, எனக்குக் காட்டுங்கள் என்றேன். நினைத்தபடியே தண்ணீர் வேகம் போதவில்லை, சின்ன மோட்டார் ஒன்று வாங்கி வைத்தேன். நாய்கள் விட்டுப்போன கம்பளிகளை மூன்று தடவை போட்டேன். வலையில் கைப்பிடி கைப்பிடியாக முடி சேர்ந்தது, மூன்றாம் தடவை ஒன்றுகூட இல்லை. வீடு முழுக்கப் பெருக்கித் துடைத்து, அவள் கட்டிலில் புது விரிப்பு விரித்துவிட்டுப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் ஓடுகிறது, ஒரு முடி இல்லை, நாய்களைப் பள்ளங்கிக்கு அனுப்பிவிட்டேன்.



"நாய்க என்னங்க பண்ணுச்சு?" என்றாள். "எனக்கு முடியலன்னு தெரியும்ல. மெஷின் வர்றவரைக்கும் ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நீங்க எந்திரிச்சு அந்தக் கம்பளிய அலசிப் போட்டிருந்தா ஆகாதா?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்பது போலக் கேட்டாள். மறுத்தேன் என்றாவது சொல்லலாம், ஆனால் நான் மறுக்கவும் இல்லை, நானே அலசலாம் என்பது என் நினைப்பிலேயே வரவில்லை. அவள் மூச்சு சீராக வந்து போவது போனில் தெளிவாகக் கேட்டது. எப்போது வருகிறாய் என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தேன். கேட்காமலே வைத்துவிட்டேன்.