மாம்பழ நகர் எங்கே இருக்கிறது?

மூன்று வருடங்களுக்கு முன்பு, கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மே மாதம். தாம்பரத்தில் எங்கள் சர்ச் வளாகத்தில் குழந்தைகளுக்கான கோடை முகாம் நடந்தது. பள்ளி ஆசிரியையான நானும் இன்னொரு டீச்சரும்தான் பொறுப்பு. மொத்தம் முப்பத்து நாலு பிள்ளைகள்.

வழக்கமான பாட்டு, படம் வரைவது எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்த வருடம் பிள்ளைகளே சேர்ந்து ஒரு ஊரைக் கட்டட்டும் என்று முடிவு செய்திருந்தோம். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டிகளைக் கடை கடையாகக் கேட்டு வாங்கி ஹாலில் குவித்தோம். இரண்டே நாளில் அது ஊராகிவிட்டது. ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், டிபன் கடை, சலூன், தபால் ஆபீஸ். பெயர் வைக்க ஓட்டெடுப்பு நடத்தியதில் 'மாம்பழ நகர்' ஜெயித்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டு எண், ஒரு வேலை. 'எங்கள் தெருவில் இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை' என்று, மேயராக இருந்த பையனிடம் ஒரு பிள்ளையின் புகார்கூட வந்தது.

மூன்றாம் நாள் காலை, "சனிக்கிழமை நம்ம ஊரைப் பார்க்க வரச்சொல்லி அப்பா அம்மாவுக்கு லெட்டர் எழுதி, நம்ம தபால் பெட்டியில போடுங்க" என்றேன். சாயங்காலம் கூட்டிப்போக வருகிறவர்களிடம் கடிதங்களைக் கையில் கொடுத்துவிடுவது என் திட்டம். அதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, அதிகம் பேசாதவள், என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், இது நிஜமாவே எங்க அப்பாகிட்ட போகுமா?"

நான் ஆஸ்பத்திரிச் சுவருக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "போகும்மா, போகும். பெட்டியில போட்டுட்டுப் போய் உட்காரு" என்றேன்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு வண்டி வந்தது. பெரிய கேட்டைத் திறந்து பாத்திரங்களை இறக்கினார்கள். எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து தக்காளி சாதம் பரிமாறினோம். கடைசியில் ஒரு தட்டு மிஞ்சியது. எண்ணிப் பார்த்தேன். முப்பத்து மூன்று தலைகள். மறுபடி எண்ணினேன். அதே முப்பத்து மூன்று.

அந்தச் சிறுமியைக் காணவில்லை.

பாத்ரூமில் இல்லை. மாடியில் இல்லை. ஒவ்வொரு அட்டை வீட்டுக்குள்ளும் குனிந்து பார்த்தோம். நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் பார்த்து, பிள்ளைகள் இதுவும் ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள். மாம்பழ நகர் போலீஸ்காரர்கள் விசில் ஊதிக்கொண்டு ஓடினார்கள். வளாகத்தின் பின்பக்கம் ஒரு பழைய கிணறு உண்டு. இரும்புக் கம்பி போட்டு மூடியிருக்கிறது, குழந்தை விழ வழியே இல்லை. ஆனாலும் இரண்டு முறை போய் எட்டிப் பார்த்தேன்.

அப்போதுதான் தபால் ஆபீஸில் வேலை பார்த்த பத்து வயதுப் பெண் அழுதுகொண்டே வந்தாள்.

"மிஸ், நான்தான் சொன்னேன். இது சும்மா அட்டைப்பெட்டி, இதுல போட்டா எங்கயும் போகாது, ரோட்டுல செவப்பா ஒரு பெட்டி இருக்கே, அதுல போட்டாத்தான் போகும்னு. அவ லெட்டரைத் திருப்பி வாங்கிட்டா மிஸ்."

அந்தச் சிவப்புப் பெட்டி இருப்பது ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கம். ஷேர் ஆட்டோவும் தண்ணீர் லாரியும் ஓயாமல் போகிற ரோடு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி டீச்சரிடம் கத்திவிட்டு ஓடினேன். வழியில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. சுட்ட தரைகூட உறைக்கவில்லை.

எதிர்ப்பக்கம் மரத்தடியில் இஸ்திரி வண்டி. அங்கே ஒரு பெண்மணி அந்தச் சிறுமியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு என்ன தோன்றியதோ, "யாரு நீங்க? கையை விடுங்க முதல்ல! குழந்தையை எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவர் கையை விடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"இன்னாம்மா இப்டி கத்துற? வுட்டா திரும்ப ரோட்டுல ஓடிடும், அதான் புட்சிகினு கீறேன். லாரி வர்றதுகூட பாக்காம குறுக்க ஓடியாந்துச்சு. நான் பாஞ்சி இஸ்துகினு வந்தேன், இல்லாங்காட்டி..."

அவருடைய முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"வூடு எங்க கீது கண்ணுன்னு கேட்டா, மாம்பழ நகர்னுது. நாலு ஆட்டோக்காரங்களாண்ட கேட்டுட்டேன், ஒருத்தனுக்கும் தெர்ல. அந்தா அவரு போன்ல தேடிகினு கீறாரு."

பக்கத்தில் ஒரு ஆட்டோக்காரர் நிஜமாகவே போனில் மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காமிக்கவே இல்லக்கா. அஸ்தினாபுரம் பக்கம் புதுசா போட்ட லேஅவுட்டா?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நடைபாதையிலேயே உட்கார்ந்து குழந்தையைக் கட்டிக்கொண்டேன். அவள் கையில் கடிதம் வியர்வையில் நனைந்து கசங்கியிருந்தது. முகவரி: 'அப்பா, கம்பெனி, மறைமலை நகர்.' பக்கத்திலேயே இருந்த சிவப்புத் தபால் பெட்டியின் வாய் எட்டவில்லையாம். அதுதான் அவளுடைய கவலை.

அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட வுடும்மா, கொயந்தையக் காணோம்னா யாரா இருந்தாலும் கத்தத்தான் செய்வாங்க" என்று தன் பாட்டிலைத் திறந்து முதலில் குழந்தைக்கும், பிறகு எனக்கும் தண்ணீர் கொடுத்தார். அவரைக் கூட்டிப்போய்க் காயத்துக்கு மருந்து போட்டுவிட்டேன். வருடக்கணக்காக அவருடைய இஸ்திரி வண்டியைக் கடந்து போயிருக்கிறேன். அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தது அன்றுதான்.

சாயங்காலம் குழந்தையின் அம்மா வரும் நேரம். "புள்ள நல்லாத்தானே இருக்கு, எதுக்குச் சொல்லி அவங்களைப் பயமுறுத்தணும்?" என்றார் கூட இருந்த டீச்சர். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மா வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து வியர்க்க விறுவிறுக்க வந்து, "தொந்தரவு ஏதும் பண்ணாம இருந்தாளா மிஸ்?" என்று கேட்டபோது என்னால் முடியவில்லை. கேட்டைக் கவனிக்காமல் விட்டது, டேப் ஒட்டிக்கொண்டே பதில் சொன்னது, லாரி, எல்லாவற்றையும் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன்.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மகளின் கை, கால், தலை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். இனிமேல் அனுப்பமாட்டார், திட்டவும் செய்வார், திட்டட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

"அவ அப்பாவுக்கு ஷிப்ட் மிஸ். அவர் வரும்போது இவ தூங்கிடுவா, இவ எழுந்திருக்கும்போது அவர் கிளம்பிடுவார்" என்றார் கடைசியில். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்கும் ஒன்பது மணிதானே? கொண்டுவந்து விடறேன்."

அடுத்த நாள் முதல் கேட் பக்கத்தில் யாராவது ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். இப்போதும் எந்த முகாம் நடந்தாலும் அப்படித்தான். நடந்ததை மறைத்திருந்தால் அன்று தப்பித்திருப்பேன், அவ்வளவுதான். உண்மையைக் கேட்ட பிறகும் ஒரு தாய் தன் குழந்தையை மறுபடி என் கையில் ஒப்படைத்தாரே, அந்த நிம்மதியில்தான் நான் இன்றும் ஆசிரியையாக இருக்கிறேன்.