விநாயகத்தின் முன்பல்

விநாயகம் என்கிற பேரை ஆண்டாள் முதன்முதலில் கேட்டது, தங்கச்சி கலைவாணிக்கு வரன் பார்த்தபோதுதான். வல்லத்து மாமன் வந்து சொன்னார்: "தொண்டூரு பையன். செஞ்சி மார்க்கெட் கமிட்டியில மல்லாட்டைப் பருப்ப முன்பல்லுல கடிச்சே காஞ்சது எது, ஈரம் எதுன்னு சொல்றான். வியாபாரிங்க அவன் வாயத்தான் பாத்துனு நிக்கிறாங்க." கடலை கடிக்கிற பல்லை நம்பியா பொண்ணு குடுக்கிறது என்று ஆண்டாள் முணுமுணுத்தாள். குடுத்தார்கள். இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.

போன வருஷம் தையில் மேல்சித்தாமூர் வளைவில் விநாயகம் வண்டி சறுக்கி விழுந்து, மேல் முன்பல் ரெண்டும் போச்சு. கழட்டி மாட்டுகிற பல்லை வைத்துப் பார்த்தார். கடலையைக் கடித்தால் பல் தூக்கிக்கொண்டது. கடைவாயில் கடித்தால் எல்லாப் பருப்பும் ஒன்றுபோல இருந்தது. வியாபாரி ரங்கநாதன் ஒருநாள், "இன்னா விநாயகம், இனிமே நக்கிப் பாத்து சொல்லப் போறியா?" என்று கேட்டுவிட்டு மூட்டையை வேற ஆளிடம் தள்ளிவிட்டார். அன்றோடு விநாயகம் கமிட்டிக்குப் போகவில்லை.

விழுப்புரத்து டாக்டரம்மா தாடை எலும்பில் திருகாணி மாதிரி ரெண்டு இறக்கி, மேலே தற்காலிகமாகப் பல் வைத்தார். "மூணு மாசம் இட்லி, கஞ்சிதான். எலும்பு அதைப் பிடிக்கணும். எதையும் கடிக்கக் கூடாது," என்றார்.

இருபதாம் நாள் ஆண்டாள் தன் கொல்லையில் பிடுங்கிக் காயவைத்த மல்லாட்டையை முறத்தோடு தங்கச்சி வீட்டுக்கு எடுத்துப் போனாள். விதைக்குக் கட்டி வைக்க வேண்டும். "பாரு மாப்ள, இன்னும் ஒரு வெய்யில் வேணுமா?" என்று ஒன்றை உரித்து நீட்டினாள். வாங்கினார், வாயில் போட்டார், கடித்தார். முப்பது வருஷப் பழக்கம். நறுக்கென்று கேட்ட பிறகுதான் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லாத்தான் காஞ்சிருக்குது," என்றார்.

ஒரு திருகாணி ஆடிப்போச்சு. அதை எடுத்து, புண்ணை ஆறவிட்டு, மறுபடி முதலிலிருந்து. ஏழு மாசம். தினமும் கஞ்சி காய்ச்சி எடுத்துப் போனது ஆண்டாள்தான். "நான் நீட்டாம இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பாள். "நீ நீட்டன, நான் கடிச்சேன். உடு அக்கா," என்பார். கலைவாணிதான் விடமாட்டாள். "ஒண்ணுக்குக் கண்ணு இல்ல, இன்னொண்ணுக்கு வாய்க்கட்டு இல்ல."

நிரந்தரப் பல் வைத்த மறுவாரம் ஆஸ்பத்திரியிலிருந்து மோனிகா என்கிற பெண் போன் செய்தாள். "சிகிச்சை திருப்தியா சார்? பத்துக்கு எவ்ளோ போடலாம்?" கலைவாணி பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

"சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் பத்தும்மா. ஆனா கடலையக் கடிச்சா பல்லுக்கு ஒண்ணும் தெரியல, மரக்கட்ட மாதிரி இருக்குது. ரெண்டு வாரம் கழிச்சிக் கூப்புடு."

அந்த ரெண்டு வாரமும் ஆண்டாள் ஈரமும் காய்ந்ததுமாகக் கலந்து நீட்டினாள். முதல் நாள் பாதிக்குப் பாதி தப்பு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கடிக்க ஆரம்பித்தார். "பல்லுல இல்லக்கா, காதுல தெரியுது. ஈரம்னா மொத்துனு கேக்குது." பதிமூன்றாம் நாள் இருபதில் ஒன்றுதான் தப்பு. அன்றைக்குத்தான் ஆண்டாளுக்குச் சோறு இறங்கியது.

மோனிகா மறுபடி கூப்பிட்டபோது ஒன்பது என்றார். அந்த ஒண்ணு ஏன் குறையுது என்று அவள் கேட்டாள்.

"இருபதுல ஒண்ணு தப்பாப் போச்சிம்மா. அதுக்கு."

இப்போது விநாயகம் செஞ்சி கமிட்டியில், மூட்டை வந்து இறங்குகிற கொட்டகையில், மறுபடி கண்ணை மூடிக் கடலையைக் கடித்துச் சொல்லிக்கொண்டு இருக்கிறார்.