டோக்கன் எடுக்காதவள்

எங்கள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் வரிசைக்கு ஒரே ஒரு டோக்கன்தான். சூப்பர்வைசர் குமாரவேலின் மேஜையில் கிடக்கும் தகரத் துண்டு அது. பாத்ரூம் போகிறவள் அதை எடுத்துக்கொண்டு போய், திரும்பி வந்து வைக்க வேண்டும். பதினோரு வருடத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை. இதற்கு யாராவது மாலை போட்டிருந்தால் கழுத்தை நீட்டியிருப்பேன்.

"சின்னத்தாயக்காவப் பாருங்க. காத்தால உக்காந்தா சாப்பாட்டு மணிக்குத்தான் எந்திரிக்குது" என்று குமாரவேல் மற்றவர்களிடம் சொல்லும்போது, காதில் விழாததுபோல் இன்னும் வேகமாகத் தைப்பேன். ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. வேலை நேரத்தில் நான் தண்ணீரே குடிக்க மாட்டேன். மண்ணரையில் இருந்த வாடகை வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு போகும் பாட்டில் அப்படியே திரும்பி வரும்.

2006 மே மாதம், தகரக் கூரைக்குக் கீழே ஒருநாள் என் வலது கை இழுத்துக்கொண்டது. கட்டை விரலும் பக்கத்து இரண்டு விரல்களும் துணியைப் பிடித்தபடியே மடங்கிவிட்டன. துணியை உருவிய பிறகும் விரல்கள் விடவில்லை. தினமும் இதே கதையானது. நான்காம் நாள் குமாரவேல் பார்த்துவிட்டான்.

"ஏனுங்கக்கா, திங்கக்கிழமையும் இப்படியே இருந்தா செக்கிங் டேபிளுக்குப் போயிருங்க" என்றான். தைத்து வந்த பனியனில் பிசிறு பார்க்கும் வேலை அது. மரியாதையாகத்தான் சொன்னான். எனக்கோ பதவியைப் பிடுங்கியதுபோல் இருந்தது. அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்காரம்மா தெய்வாத்தாள் வெந்நீரில் உப்புப் போட்டுக் கையை வைக்கச் சொன்னார். நல்லெண்ணெய் தடவி, விரல்களை ஒவ்வொன்றாக மெல்லப் பின்னால் நீட்டிவிட்டார். இதமாக இருந்தது. மறுநாள் பதினோரு மணிக்கு மறுபடியும் இழுத்தது.

"கண்ணேறாட்ட இருக்குது" என்று மிளகாய் சுற்றிப் போட்டார். எனக்கு அது உடனே பிடித்துப்போனது. என் வேகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? பட்டியல் போட்டேன். முதல் பெயர், பக்கத்து மிஷின் ரோஸ்மேரி. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மிளகாயும் பலிக்காமல் சனிக்கிழமை டாக்டரிடம் போனேன். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பேன் என்று கேட்டார்.

"காலைல ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர் சார்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த வெயில்ல வேர்வையா ஊத்துது. பகல் பூரா தண்ணி இல்லாம ஒரே பிடியா பிடிச்சு வேலை செஞ்சா கை இழுக்கத்தானம்மா செய்யும்? அடிக்கடி தண்ணி குடிங்க, நடுநடுவுல விரலை நீட்டி விடுங்க. அப்பவும் கேக்கலைன்னா வாங்க, ரத்தம் சோதிச்சுப் பாப்போம். ஆமா, ஏன் குடிக்கறதில்ல?"

"தாகமே எடுக்காது சார்" என்று பொய் சொன்னேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டதை எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமை பத்து மணிக்குள் பாட்டில் காலி. பத்தரைக்கு எழுந்து குமாரவேல் மேஜைக்குப் போனேன்.

"நூல் வேணுங்களாக்கா?"

"இல்ல தம்பி. டோக்கன்."

திரும்பி வந்தபோது மேஜையருகே ரோஸ்மேரி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஆஷா. அவளுக்கும் பின்னால் இன்னும் மூன்று பேர். ரோஸ்மேரி டோக்கனை வாங்கக் கை நீட்டினாள். கட்டை விரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மடங்கியிருந்தன. அந்த மடிப்பு எனக்குத் தெரியும்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசமா இருக்குக்கா. ஒங்களச் சொல்லிச் சொல்லியேல்லா எங்கள ஏசுதாவ. அப்புறம் நான் எப்படி எந்திரிக்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கண்தான் பட்டது என்று பட்டியல் போட்டவள் நான். டோக்கனை அவள் இடது கையில் வைத்தேன்.

என் கை அந்த வாரத்திலேயே சரியாகிவிட்டது. செக்கிங் டேபிளுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. குமாரவேல்தான் தலையைச் சொறிந்தான். "நீங்களே எந்திரிச்சா மத்தவங்கள நான் என்னன்னு சொல்றதுங்க?"

"ஒண்ணும் சொல்லாதீக தம்பி."

அதற்குப் பிறகு தினமும் பத்தரைக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை எழுந்துபோய் டோக்கன் எடுத்தேன். பல நாள் எனக்குத் தேவையே இருக்காது.