அப்பாவின் கால்

எங்கள் வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடந்தவர் அப்பா ஒருவர்தான். சாமி படம் இருந்த அறையைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் செருப்போடுதான் போவார். காமயகவுண்டன்பட்டியில் அது சின்ன விஷயமில்லை. ஊரிலிருந்து வந்த அத்தை, அவர் அடுப்படியில் செருப்போடு நிற்பதைப் பார்த்துவிட்டு அம்மாவைத்தான் வைதாள். கால் டாக்டர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்று அம்மா மெல்லச் சொன்னாள். அத்தைக்கு ஆறவில்லை. கண்ணுக்கு டாக்டர் உண்டு, பல்லுக்கு உண்டு, மண்ணை மிதிக்கிற காலுக்கு எதற்கு டாக்டர் என்று கேட்டாள்.

அந்த வருடம் எங்கள் திராட்சைப் பந்தலில் கம்பி மாற்றியிராவிட்டால், காலுக்கும் டாக்டர் உண்டு என்பது எங்களுக்கும் தெரிந்திருக்காது. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது ஊரே அறிந்த சேதி. கம்பம் டவுனில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதித் தருவார். இரத்தம் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், காலைக் காட்டச் சொன்னதில்லை. பந்தலின் பழைய கம்பிகளை அறுத்துப் போட்டிருந்த நாளில் ஒரு துண்டு அப்பாவின் பாதத்தில் ஏறிவிட்டது. பகல் முழுக்க அதோடேயே நடந்திருக்கிறார். சாயந்தரம் வீட்டுக்கு வந்தபோது சிமெண்டுத் தரையெங்கும் இரத்தம். அம்மா காட்டிய பிறகுதான் காலைத் தூக்கிப் பார்த்தார். வலிக்கவே இல்லை என்று சொல்லி, கம்பியைப் பிடுங்கி வாசலில் எறிந்தார். அப்பாவின் தைரியத்தைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

தைரியம் சில நாளில் வீங்கியது. சுண்டுவிரல் கறுத்தது. மதுரையில் முதலில் பார்த்தவர்கள் கணுக்காலோடு எடுக்க வேண்டும் என்றார்கள். அப்பா அங்கிருந்து எழுந்தே வந்துவிட்டார். பிறகு சித்தப்பா எங்கெங்கோ விசாரித்து, மதுரையிலேயே சர்க்கரைக்காரர்களின் கால்களை மட்டும் பார்க்கிற ஒருவரைக் கண்டுபிடித்தார். என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாததால் நானும் போனேன்.

அந்த டாக்டர் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, அப்பாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்பா பதறிப்போய் இழுத்தார். படித்த மனிதர் மடியில் காலை வைப்பதா என்று அவருக்குக் கூச்சம். டாக்டர் விடவில்லை. தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தொடுவது தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். பாதத்தில் அங்கங்கே தொட்டுக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா, இன்னும் ஆரம்பிக்கலையா சார் என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

சுண்டுவிரல் போனது. கால் தங்கியது. அதற்குப் பல மாதம் பிடித்தது. டாக்டர் செத்த சதையைச் சுரண்டி, கட்டுப்போட்டு, காலுக்கு அளவெடுத்து மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புச் செய்ய ஏற்பாடு செய்தார். மற்றதையெல்லாம் அம்மாவிடம் ஒப்படைத்தார். சாயந்தரமானால் காலைக் கழுவ வேண்டும். வெந்நீரின் சூட்டை அம்மா தன் முழங்கையில்தான் பார்க்க வேண்டும், அப்பாவின் காலில் பார்க்கக் கூடாது. விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். செருப்பைத் தட்டாமல் போடவிடக் கூடாது. அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

சொன்னபடியே செய்தாள். தோட்டத்திலிருந்து வெறுங்காலோடு வருவாள். புல்லுக்கட்டை மாட்டுக்கு முன்னால் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து அப்பாவின் காலை மடியில் வாங்கிக்கொள்வாள். அப்பா பஸ்ஸில் அடிபட்ட கோழியைப் பற்றியோ, திராட்சை விலையைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பார். அப்பாவுக்குத் தனியாகக் கேப்பைக்களி கிண்டிவிட்டு, மிஞ்சிய சோற்றைத் தான் தின்பாள். ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்துவிட்டு மறுபடியும் மோக்கப் போவாள். உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. புருசன் கவலையில் இளைத்துவிட்டாள் என்று இந்த முறை அத்தை பாராட்டினாள்.

மதுரைக்குப் போன ஒரு நாள், கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த டாக்டர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் பெருவிரலில் பழைய சேலைக் கிழிசல் சுற்றியிருந்தது.

"உங்க காலைக் கொஞ்சம் காட்டுங்கம்மா."

அம்மா சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். அப்பாதான் பதில் சொன்னார்.

"அவளுக்கென்ன சார், இரும்புக் காலு. வெறுங்காலோடயே மலை ஏறுவா."

டாக்டர் சிரிக்கவில்லை. அம்மா வழியில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டார். எங்கள் தாத்தாவுக்கு இருந்தது. அடுத்த முறை சாப்பிடாமல் வாருங்கள், உங்களுக்கும் இரத்தம் பார்த்துவிடுவோம் என்றார். அம்மா தலையாட்டினாள். திரும்பும்போது உசிலம்பட்டி தாண்டியதும், போய்ப் பார்க்கலாமா என்று அப்பாவிடம் கேட்டாள். டாக்டர் என்றால் நாலு பேரைப் பிடித்துப் போடத்தான் பார்ப்பார் என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த முறை போக வேண்டிய நாளில் தோட்டத்தில் திராட்சை வெட்டு. கூலியாட்களை ஏவ ஒருவர் வேண்டும் என்று அம்மா நின்றுகொண்டாள். அப்பாவோடு சித்தப்பா போனார். திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"டாக்டரு அண்ணன் காலைக்கூடப் பாக்கல. மதினி வரலையான்னுதான் மொதல்ல கேட்டாக."

வீடே சிரித்தது. அம்மாவும் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

வெட்டு முடிவதற்குள் வீட்டில் ஒரு நாற்றம் வந்தது. எலி எங்கேயோ செத்துக்கிடக்கிறது என்றார் அப்பா. நெல் மூட்டையை நகர்த்தினோம், பரண்மேல் ஏறிப் பார்த்தோம், பீரோவுக்குப் பின்னால் விளக்குமாற்றைவிட்டுத் துழாவினோம். அம்மாவும் எங்களோடு சேர்ந்து தேடினாள். எந்த அறைக்குப் போனாலும் அந்த அறையில் நாற்றம் கூடுதலாக இருந்ததாக எனக்கு நினைவு. அவளுக்கே தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் பந்தலுக்கடியில் காய்ச்சலில் விழுந்தாள். தூக்கி வந்தவர்கள்தான் சேலைக் கிழிசலைப் பிரித்தார்கள். பிரித்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கம்பத்தில் பார்த்துவிட்டுத் தேனிக்குப் போகச் சொன்னார்கள், தேனியில் மதுரைக்கு. கடைசியில் அதே டாக்டர், அதே முக்காலி. இந்த முறை மடியில் அம்மாவின் கால். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்பாவிடம் கேட்டார்.

"போன தடவையே கூட்டிட்டு வரச் சொன்னேனேய்யா?"

"திராட்சை வெட்டு சார்."

டாக்டர் எழுந்து கை கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த வருடம் பன்னீர் திராட்சைக்கு நல்ல விலை கிடைத்தது என்று அப்பா ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு எதைச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லையோ என்னவோ. அவர்மேல் எனக்கிருக்கும் கசப்பு அந்தப் பேச்சில் இன்னும் நிற்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, இருக்கிற காலையாவது தினமும் பாருங்கள், ஒரு நாளும் விடக் கூடாது என்றார். அப்பா தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

ஊருக்கு வந்த அன்று சாயந்தரம் அப்பா வழக்கமான இடத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். யாரும் வரவில்லை. அவர் காலை மடக்கவும் இல்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. கட்டிலில் கிடந்த அம்மா என்னைப் பார்த்தாள்.

"வெந்நி வச்சு அப்பாவுக்குக் காலக் கழுவி விடு ஆத்தா. அவுகளுக்குப் பாக்கத் தெரியாது."

எனக்குத் திடீரென்று பெரிய மனுஷியாகிவிட்ட பெருமை. முழங்கையில் சூடு பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் துடைத்தேன். பாதத்தை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு கீறல்கூட இல்லை என்று கட்டிலுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா என் தலையைத் தடவினாள். டாக்டர் சொன்னபடி ஒரு நாளும் விடாமல் அதைச் செய்தேன். போர்வைக்குள்ளே அம்மாவுக்கு இன்னும் ஒரு கால் இருந்தது. டாக்டர் பார்க்கச் சொன்னது அந்தக் காலை என்பது எனக்குத் தெரியவில்லை.