இடது காலில் மட்டும் அடுக்கு

கெரில்லாப் போரைப் பற்றி எழுதுகிறவர்கள் காட்டைப் பற்றி எழுதுவார்கள், துணிச்சலைப் பற்றி எழுதுவார்கள். பெரிய பெரிய பட்டாளங்களைச் சின்னக் கூட்டங்கள் அலைக்கழித்தே ஓயவைத்த கதையைக் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்தக் கூட்டங்களுக்குச் செருப்பு யார் தைத்தது என்று மட்டும் ஒருவரும் எழுதக் காணோம். ஒளிந்திருந்து அடிக்கிறவன் அடித்த கையோடு ஓடியாக வேண்டும். ஓடுவதற்குக் காலில் ஏதாவது இருந்தாக வேண்டும்.

எங்கள் ஊரில் அந்த வேலையைப் பார்த்தவர் ஆணி. வேலை செய்யும்போது வாய் நிறைய ஆணியைக் கவ்விக்கொண்டிருப்பதால் வந்த பெயர். கடைவீதியில் சைக்கிள் கடைக்கும் மருந்துக் கடைக்கும் இடையே, ஆள் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் ஒரு கடை. காட்டிலிருந்து கிழிந்த பூட்ஸ் காய்கறிக் கூடைக்கு அடியில் வரும். முகாமிலிருந்து சிப்பாய்களின் பூட்ஸ் ஜீப்பில் பகிரங்கமாக வரும். இரண்டும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். "ரெண்டு கட்சியும் என் ஆணி மேலதான் நடக்குது. சண்டை எதுக்குன்னுதான் புரியல," என்பார். சிரிக்க மாட்டார், வாயில் ஆணி.

அவர் கட்சி சார்ந்த ஆள் இல்லை. காட்டுக்குப் போனவன் அவருடைய தம்பி. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து இடது கால் கொஞ்சம் குட்டையாகிப்போனவன். பட்டாளம் கழித்துக் கட்டிய அந்தக் காலை, பட்டாளத்தை எதிர்த்தவர்கள் மகிழ்ச்சியாகச் சேர்த்துக்கொண்டார்கள். போகிறவனைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் அண்ணன் ஒரு ஜோடி பூட்ஸ் தைத்துக் கொடுத்தார். இடது குதிகாலுக்கு அடியில் மட்டும் தோலை அடுக்கு அடுக்காக ஒட்டி, ஆணி அடித்து உயர்த்திய பூட்ஸ். அதைப் போட்டு நடந்தால் விந்தல் பாதியாகக் குறையும். போனவன் திரும்பி வரவில்லை.

சமாதானம் வந்தது. மலையடிவாரத்தில், செத்தவர்களை மொத்தமாகப் போட்டு மூடியிருந்த ஒரு குழியைத் தோண்டினார்கள். எலும்புகளைத் தனித்தனிப் பெட்டிகளில் போட்டு, ஒவ்வொன்றோடும் கிடைத்த பெல்ட்டையும் சட்டைப் பொத்தானையும் பூட்ஸையும் பள்ளிக்கூட மண்டபத்தில் நீள மேசைகளில் பரப்பி, வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆணி தன் தாயாரை அழைத்துக்கொண்டு போனார். மூன்றாவது மேசைக்கு வந்ததும் நின்றுவிட்டார். தன் தையல் தனக்குத் தெரியாதா?

தையல் தெரிந்தது. மற்றதும் தெரிந்தது. இடது பூட்ஸில் அந்த அடுக்கைக் காணோம். யாரோ கத்தியால் செதுக்கி எடுத்திருந்தார்கள். அடித்தோல் இரண்டு காலிலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. விந்தி நடப்பவனின் தோல் ஓரத்தில்தான் தேயும். வாடிக்கையாளரின் செருப்பைத் திருப்பிப் பார்த்தே அவருக்கு முழங்கால் வலி உண்டா என்று சொல்லிவிடும் மனிதர் இவர். அன்றைக்கு மட்டும், மலை ஏறி ஏறித் தம்பிக்குக் கால் சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று முடிவு கட்டினார். பக்கத்தில் தாயார் ஏற்கெனவே அழ ஆரம்பித்திருந்தார்.

பெட்டியை வாங்கி வந்து புதைத்தார்கள். கல் வைத்தார்கள். தாயார் வாராவாரம் போய்க் கல்லைத் துடைத்துவிட்டு, தெருவில் நடந்ததையெல்லாம் சின்னவனிடம் சொல்லிவிட்டு வருவார். அவருக்கு மறுபடியும் சாப்பாடு இறங்கியது. பூட்ஸை மட்டும் ஆணி புதைக்காமல் கடை அலமாரியில் வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் லாரி டிரைவர் ஒருவர் வார் அறுந்த செருப்போடு வந்தார். தைத்து முடியும்வரை சும்மா இருக்காமல் அலமாரியை நோட்டம் விட்டார்.

"அண்ணே, இது ஒட்டகத்தோட பூட்ஸாச்சே! உங்ககிட்ட எப்படி?"

"எந்த ஒட்டகம்?"

"எங்க கூட காட்டுல இருந்தான். நடக்கிறப்போ ஒட்டகம் மாதிரி ஒரு பக்கமா சாயுவான். அங்க யாரு நிஜப் பேரைச் சொன்னா?"

ஆணி வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். "என் தம்பி," என்றார்.

டிரைவர் உட்கார்ந்துவிட்டார். "ஆத்தைத் தாண்டுறப்போ பூட்ஸைக் கழட்டி முதல்லயே அக்கரைக்கு அனுப்பிடுவோம்ணே, நனையக் கூடாதுன்னு. அன்னைக்கு நடு ஆத்துல இருக்கும்போது சுட்டாங்க. அவன் தலை முங்குனதைப் பாத்தேன். எந்திரிக்கல. பூட்ஸ் மட்டும் கரையில நின்னுச்சு."

"அப்புறம்?"

"கம்பவுண்டர் வெறுங்கால்ல இருந்தான். எங்களுக்கு ஊசி போடுறவன். அவனுக்குக் குடுத்தோம். ஒரு பக்கம் தூக்குதுன்னு அடுக்கைச் செதுக்கிட்டான். காட்டுல ஆளுக்கு ஆயுசு கம்மி, பூட்ஸுக்கு ஜாஸ்திண்ணே." குரலைத் தாழ்த்தினார். "அப்புறம் அவனும் போயிட்டான். அவன் சம்சாரம் பக்கத்து ஊர்ல தையல் மெஷின் போட்டிருக்கா. இன்னும் அவன் எலும்பைக் கேட்டு அந்த மண்டபத்துக்காரங்க ஆபீசுக்கு நடையா நடக்குறா, பாவம்."

ஆணி அந்தச் செருப்புக்குக் கூலி வாங்கவில்லை. சில நாள் கடையும் திறக்கவில்லை. சொல்லாமல் விட்டால் தாயாருக்குக் கல் இருக்கும், அந்தப் பெண் நடந்துகொண்டே இருப்பாள். சொன்னால் கல்லுக்கு அடியில் ஆள் இருக்க மாட்டான். கடைசியில் தாயார் துணி மடித்துக்கொண்டிருக்கையில் சொல்லிவிட்டார்.

தாயார் மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார். "உன்னை யாருடா கேட்டா?"

"அம்மா, அந்தப் பொண்ணு..."

"அந்தப் பொண்ணு எனக்கு யாரு? என் புள்ளையை நான் குடுக்க மாட்டேன்."

"உன் புள்ளை இல்லம்மா அது."

"வாயை மூடு."

ஆனாலும் ஆணி சொல்லியனுப்பி, அந்தப் பெண் தன் கூடப்பிறந்தவனோடு பெட்டியை எடுக்க வந்த அன்று, யாரும் கூப்பிடாமலே தாயார் இடுகாட்டுக்கு வந்து நின்றார். பெட்டி மேலே வந்ததும் அதன் மீதிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தார்.

"இத்தனை நாள் எம் புள்ளையா இருந்தான்மா. பாத்துக்கோ. பேசிக்கிட்டே இருந்தா கேட்டுக்குவான்."

அந்தப் பெண் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். பூட்ஸையும் கேட்டாள், தன் புருஷன் கடைசியாக நடந்தது அதில்தானே என்றாள். ஆணி கொடுத்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால் துக்கம் இடம் மாறும் என்றுதான் அவர் கணக்குப் போட்டிருந்தார். மறுநாள் காலையில் தாயார் வாசலில் நாற்காலி போட்டு, தெருமுனையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். செத்துப்போயிருந்த பிள்ளை இப்போது காணாமல் போன பிள்ளையாகிவிட்டான்.

"ஆத்துலதானே முங்குனான்? பொணத்தை யாரு பாத்தா? சின்னவன் நல்லா நீந்துவான்டா."

"குண்டு பட்டுதும்மா."

"அந்த டிரைவர் பாத்தானா, எங்க பட்டுதுன்னு?"

தாயார் தெருவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அவனோடதைத் தூக்கி அந்தப் பொண்ணுக்குக் குடுத்துட்டே. வெறுங்காலோட வருவான். இன்னொரு ஜோடி தைச்சு வை. இடது கால்ல அடுக்கு வைக்க மறந்துடாதே."

தோலை வெட்டியாயிற்று. தம்பியின் அளவு கைக்கே தெரியும். குத்தூசியை எடுப்பார், கொஞ்ச நேரம் வைத்திருப்பார், வேறு யாருடையதையாவது தைப்பார்.

"ஆச்சாடா பெரியவனே?" என்று வாசலிலிருந்து தாயார் கேட்பார், கடையிலிருந்து மகன் திரும்பும்போதெல்லாம்.

"நாளைக்கும்மா," என்பார் ஆணி, செருப்புத் தைக்கிற எவரும் சொல்லுகிற மாதிரியே.