தெரியாது என்று சொல்ல முடியாமல் போன ராசாங்கம்

எங்கள் ஊரில் பொய் சொல்வதற்கு ராசாங்கத்தை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தப் பொய்களால் யாருக்கும் பெரிய நட்டம் வந்ததில்லை, அவருக்கும் லாபம் வந்ததில்லை. வாயைத் திறந்தால் வந்துவிடும், அவ்வளவுதான். அரியலூர் ஸ்டேசனில் சரக்கு ரயிலிலிருந்து யானையை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருநாள் டீக்கடையில் சொன்னார். பதினோரு பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார்கள். வெறுங்கண்ணோடு திரும்பி வந்தவர்களிடம், நேரத்தோடு போயிருக்க வேண்டாமா என்று அவரே கோபித்துக்கொண்டார்.

அவருக்கு வேலை சுண்ணாம்புக்கல் குவாரியில். பாறைக்கு வெடி வைக்கும்போது சிவப்புக் கொடியும் விசிலுமாகச் சாலையில் நின்று, வண்டிகளையும் ஆடுமாடுகளையும் நிறுத்த வேண்டும். நிறுத்தப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: எவ்வளவு நேரம் ஆகும்? அவரும் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வார். “ரெண்டு நிமிசங்க.” அரை மணி நேரம் ஆகும். ஆனால் அவர் சொல்கிற விதத்தில் அப்படி ஓர் உறுதி இருக்கும். ஜெயங்கொண்டம் பஸ் டிரைவர் தினமும் அதை நம்பி, இன்ஜினை அணைக்காமலே நிற்பார்.

ராசாங்கம் கிறிஸ்தவர். கோயில் ஏட்டில் அவருடைய ஞானஸ்நானப் பெயர் இராயப்பன். இயேசுவின் சீடர்களில் தலைமையானவரான பேதுருவைக் கத்தோலிக்கர்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மனைவி ஆண்டாயியோடு போவார். வாசலருகே, கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிரசங்கம் பாதியில் தூங்கிவிடுவார். கேட்டால் கண்ணை மூடி யோசித்தேன் என்பார். இயேசுமேல் அவருக்கு மரியாதை இருந்தது, தாசில்தார்மேல் இருக்கிற மாதிரி.

ஆண்டாயியின் அண்ணன் செல்லக்கண்ணு தையற்காரர். அவருக்கும் ராசாங்கத்துக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் ஒரு பொய்தான். புதிதாக வந்த சிமெண்ட் ஆலையில் மூட்டைக்குப் பை தைக்க நூறு தையற்காரர்களை எடுக்கிறார்கள், சொந்த மிஷினோடு போனால் உடனே வேலை என்று ராசாங்கம் ஒருநாள் சொல்லிவிட்டார். செல்லக்கண்ணு கடையைப் பூட்டினார். தையல் மிஷினைப் பஸ் கூரைமேல் ஏற்றிக்கொண்டுபோய் ஆலை வாசலில் இறக்கினார். காலையிலிருந்து மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் தன் சட்டையில் அறுந்த பொத்தானைத் தைத்து வாங்கிக்கொண்டதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அன்றிலிருந்து யாராவது ராசாங்கத்தைப் பற்றிக் கேட்டால், “யாரு அது?” என்பார் செல்லக்கண்ணு. ராசாங்கமும் அப்படியே. “செல்லக்கண்ணா? அப்டி ஒரு ஆளே எனக்குத் தெரியாதுங்க.”

எண்பத்தொன்றாம் வருடம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் கோயிலில் பாடுகளின் நாடகம் போட ஏற்பாடு நடந்தது. இயேசு பிடிபட்டது முதல் சிலுவையில் அறையப்பட்டது வரைக்குமான நாடகம். வழக்கமாக விடிய விடிய நடக்கும். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் நிறைய இருந்ததால், ஒன்பது மணிக்குள் இயேசுவைக் கல்லறையில் வைத்துவிட வேண்டும் என்று பூசை வைக்கிற சாமியார் சொல்லிவிட்டார். அதில் நானும் இருந்தேன். நான் அந்தக் கோயிலைச் சேர்ந்தவன்கூட இல்லை. பெயரே மாயவன். ராசாங்கத்தோடு குவாரியில் வேலை பார்த்தேன், மீசை அடர்த்தியாக முளைக்கவில்லை, சேலை கட்டினால் பொருந்தியது. அதனால் இயேசுவை விசாரித்த பெரிய குருவின் வீட்டு வேலைக்காரி வேஷத்துக்கு என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

வழக்கமாக இராயப்பராக நடிக்கும் கொத்தனார் நெய்வேலிக்கு வேலைக்குப் போய்விட்டார். இராயப்பருக்கு நாடகத்தில் முக்கியமான ஒரே ஒரு காட்சிதான். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போனபின் அவர் முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டிருப்பார். நீயும் அவனோடு இருந்தவன்தானே என்று மூன்று முறை கேட்பார்கள். பயத்தில் மூன்று முறையும் தெரியாது என்று பொய் சொல்வார். சேவல் கூவும். இப்படி நடக்கும் என்று இயேசு முன்கூட்டியே சொன்னது நினைவுக்கு வந்து அழுவார்.

“மூணு பொய்தான்,” என்றார் நாடகத்தை நடத்திய உபதேசியார். கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர், இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, கல்யாணமாகாதவர். “நம்ம ராசாங்கத்துக்கு ஒத்திகையே வேணாம். ஏட்டுலயும் பேரு பொருந்துது.”

இயேசுவாக நடிக்கச் செல்லக்கண்ணுவைப் போட்டார்கள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு முடி வளர்த்திருந்தார், ஆளும் ஒல்லி. அவரை விட்டால் ஆளில்லை.

முதல் ஒத்திகையில் நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, “நீரும் அந்த ஆளோட இருந்தவர்தானே?” என்று கேட்டேன். ராசாங்கம், மூலையில் கயிற்றோடு நின்ற செல்லக்கண்ணுவை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார்.

“அந்த ஆள எனக்குத் தெரியாது,” என்றார். அப்படி ஒரு வெறுப்பு. எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

உபதேசியார் தலையில் கை வைத்துக்கொண்டார். “அண்ணே, இது சரியில்லண்ணே.”

“ஏன், நல்லாத்தான சொன்னேன்?”

“ரொம்ப நல்லா சொன்னீங்க. அதான் தப்பு. இராயப்பர் அவருமேல உசுரையே வச்சிருந்தவரு. வச்சிருந்தவரு தெரியாதுன்னு சொன்னாதான் அது மறுதலிப்பு. நீங்க சொல்றது வெறும் தகவல்.”

“சரி, மச்சான் மேல எனக்குப் பாசமில்ல. அதுக்கு நான் என்ன பண்றது?”

“மச்சான விடுங்க. ஏசுமேல இருக்கா?”

ராசாங்கம் வாயைத் திறந்தார். எப்போதும் சரளமாக வந்துவிடுகிற பதில் அன்று வரவில்லை. “அதெல்லாம் எப்டி வரவழைக்கிறது?” என்று கேட்டார்.

உபதேசியாருக்கும் தெரியவில்லை. பெண் பார்க்கக்கூட இன்னும் போகாதவரிடம் நேசத்தைப் பற்றிக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? நெற்றியைச் சொறிந்துகொண்டு, “பேசிப் பாருங்களேன்,” என்றார். “தெனம் கொஞ்ச நேரம்.”

மறுநாளே ராசாங்கம் ஆரம்பித்துவிட்டார். கொடியைப் பிடித்துக்கொண்டு சாலையில் நிற்கும்போதுதான் அவருக்கு ஓய்வு. நான் பத்தடி தள்ளி, ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்திருந்தேன்.

“ஆண்டவரே, காலையில எந்திரிச்சதும் செபம் சொல்லிட்டுதான் வந்தேன்,” என்று தொடங்கினார். கொடி காற்றில் அடித்துக்கொண்டது. “சொல்லல,” என்றார்.

இன்னொரு முயற்சி. “போன வாரம் கோயிலுக்கு வந்திருப்பேன், ஒடம்புக்கு முடியல.” விசிலைச் சட்டையில் துடைத்தார். “ஒடம்பு நல்லாத்தான் இருந்துச்சு. பக்கத்தூர்ல சேவக்கட்டு.”

நான் சிரித்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, “பெரிய ரோதனையா இருக்குடா, மாயவா,” என்றார். “எதச் சொன்னாலும் அவருக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கு.”

ஒரு வாரம் இப்படியே போனது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு திருத்தம். எண்பது ஆடுகளோடு காத்துக்கொண்டிருந்த ஒரு கிழவர், இவர் யாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று என்னிடம் விசாரித்தார். சாமிகிட்ட என்றேன். இதுக்கு ஆடு மேய்க்கிறதே மேல் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

இரண்டாவது வாரம் திருத்தங்கள் குறைந்தன. சொல்வதற்குப் பொய் தீர்ந்துவிட்டதோ என்னவோ, ராசாங்கம் உள்ளதை உள்ளபடி சொல்லத் தொடங்கினார். முட்டி வலிப்பதை, மேஸ்திரிமேல் இருந்த எரிச்சலை, பிள்ளை இல்லாததை, அதை ஆண்டாயியிடம் ஒரு தடவைகூடப் பேசாமல் விட்டதை. நான் எழுந்து இன்னும் இருபதடி தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டேன். நான் கேட்கக்கூடிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து நடந்து வரும்போது அவரே சொன்னார். “அவர்ட்ட பேசுனா அலுப்பே இல்லடா. மத்தவங்ககிட்ட நேத்து என்ன சொன்னோம், இன்னைக்கி என்ன சொன்னோம்னு எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கணும். இவர்ட்ட அது வேணாம். நான் எப்டிப்பட்ட ஆளுன்னு முழுசாத் தெரியும். தெரிஞ்சும் மறுநாளு வந்து நிக்கிறாரு.”

“நீங்கதானண்ணே போயி நிக்கிறீங்க?”

“இல்லடா. நான் கொடிய எடுத்துகிட்டுப் போறப்பவே அவரு அங்க இருக்காரு.”

இதில் சங்கடப்பட்டவர்கள் மற்றவர்கள்தான். உண்மை பேசும் பழக்கம் அவரை மீறிப் பரவிவிட்டது. ஜெயங்கொண்டம் பஸ் டிரைவர் வழக்கம்போல எவ்வளவு நேரம் என்று கேட்க, “முப்பத்தஞ்சு நிமிசம் ஆவுங்க” என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் ஒரே கூச்சல். இரண்டு நிமிடம் என்று சொல்லி அரை மணி நேரம் நிறுத்தி வைத்தபோது ஒருவரும் வாய் திறந்ததில்லை.

ஆண்டாயி நேரே உபதேசியார் வீட்டுக்கே போய்விட்டாள்.

“எம் புருசன என்ன பண்ணீங்க?”

“ஏங்க்கா, என்ன ஆச்சு?”

“பதினெட்டு வருசமா எங் கொழம்ப அமிர்தம்னு சொன்ன மனுசன். நேத்து உப்பு அதிகம்ங்குறாரு.”

“நெசமாவே அதிகமா இருந்துச்சா?”

“அதுவா இப்ப பேச்சு?” என்றாள் ஆண்டாயி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஆனா ராத்திரிச் சோத்துக்கு உக்காந்தா இப்பல்லாம் எங்கிட்ட பேசுறாரு. அதையும் நிறுத்திப்புடாதீங்க,” என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

புனித வெள்ளிக்கு முந்தின வாரம் நாடகம். பொழுது சாய்ந்ததுமே கூட்டம் சேர்ந்துவிட்டது. உண்மையான சேவல்தான் கூவ வேண்டும் என்பது சாமியாரின் ஆசை. அதனால் ஒரு சேவலைக் கூடையால் மூடி, மேடைக்குப் பின்னால் அரியமுத்து என்ற குவாரி லாரி டிரைவரிடம் கொடுத்திருந்தார்கள். கூடையைத் தூக்கி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தைக் காட்டினால் கூவும். ஒத்திகையில் தவறாமல் கூவியது.

எங்கள் காட்சி வந்தது. ஒரு பக்கம் கைகளைப் பின்னால் கட்டி, முள்முடியோடு செல்லக்கண்ணு. இன்னொரு பக்கம் நெருப்பருகே ராசாங்கம். நான் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

“நீரும் அந்த ஆளோட இருந்தவர்தானே?”

ராசாங்கம் என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. “ஆமா,” என்றார். “தெரியும்.”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவருக்கு வசனம் மறந்துவிட்டது என்று நினைத்து மறுபடி கேட்டேன். “நல்லா ரோசிச்சு சொல்லும். அவரத் தெரியாதுதானே?”

“நல்லாத் தெரியும். தெனம் பேசுறவரு.”

காவல்காரன் வேஷத்தில் இருந்த வீரமுத்துவுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. தெரியும் என்று சொன்னால் பிடிப்பதுதான் முறை என்று நினைத்து, ராசாங்கத்தின் கையையும் கட்டப் போனான். ராசாங்கமும் கைகளை நீட்டிவிட்டார். படுதாவுக்குப் பின்னாலிருந்து உபதேசியார், “கட்டாத, கட்டாத, இராயப்பர் பின்னால திருச்சபைக்கே தலைவராவணும்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது முன்வரிசை முழுக்கக் கேட்டது.

நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் காதருகே போனேன். “அண்ணே, நாடகந்தான. தெரியாதுன்னு சொல்லிருங்க.”

“வாயி வர மாட்டேங்குதுடா,” என்றார். கண் கலங்கியிருந்தது. “அவரு பாத்துகிட்டு இருக்காரு.”

அப்போதுதான் இயேசு பேசினார். நாடகத்தில் அந்த இடத்தில் அவருக்கு வசனமே கிடையாது.

“மச்சான்,” என்றார் செல்லக்கண்ணு. மூன்று வருடத்தில் முதல் வார்த்தை. “சும்மா சொல்லுங்க மச்சான். அவரு தப்பா நெனக்க மாட்டாரு. எனக்குக் கையி மரத்துப் போச்சு.”

ராசாங்கம் அவரையே வெகுநேரம் பார்த்தார். முள்முடி கோணலாகக் கண்வரைக்கும் இறங்கியிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பாமலே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, “அந்த மனுசன எனக்குத் தெரியாது,” என்றார். சொன்ன உடனே தரையில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். நடிப்பு அல்ல. தோள் குலுங்கியது. கூட்டத்தில் பெண்களும் அழுதார்கள். இயேசுவும் அழுதார், கை கட்டியிருந்ததால் மூக்கைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

சேவல் கூவவில்லை. அரியமுத்து கூடையைத் தூக்கினார், விளக்கைக் காட்டினார், குலுக்கிப் பார்த்தார். சாயங்காலத்திலிருந்து ஆள் ஆளுக்குப் பொரி போட்டதில் அது வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அவரே கூவினார். லாரி ஹாரன் மாதிரி இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நாடகம் முடிந்ததும் ராசாங்கம் வேஷத்தைக்கூடக் கலைக்காமல் செல்லக்கண்ணுவிடம் போனார். “ஆலை விசயம் நான் சொன்ன பொய்யிதான் மச்சான். ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல,” என்றார். செல்லக்கண்ணு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, “தெரியும்” என்றார். இருவரும் ஒரே சைக்கிளில் வீட்டுக்குப் போனார்கள். ஆண்டாயி போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, குழம்பைப் பற்றி இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

அதன்பிறகு இராயப்பர் வேஷம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. பூசைக்கு முன்வரிசையில் உட்கார ஆரம்பித்தார். அங்கேயும் சில நாள் தூங்கினார். தூங்கிவிட்டேன் என்று சொன்னார். நெருப்புப் பிடித்த மாதிரி பக்தி என்றெல்லாம் இல்லை. கொடியோடு நிற்கும்போது உதடு அசைந்துகொண்டிருக்கும். டவுனுக்குப் போனால், போயிட்டு வரேன் என்று ஆண்டாயியிடம் சொல்கிற தொனியிலேயே கோயில் வாசலிலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்.

எண்பத்தைந்தில் புதிதாக வந்த சாமியார் வீடு வீடாகப் போய் எல்லாரையும் விசாரித்தார். நானும் அப்போது ராசாங்கத்தின் வீட்டில் இருந்தேன்.

“இயேசுவை முழு மனசோட நேசிக்கிறீங்களா?” என்று கேட்டார்.

எல்லா வீட்டிலும் ஆமாம் சாமி என்று சொல்லியிருந்தார்கள். ராசாங்கம் மட்டும் மேலே பார்த்து யோசித்தார்.

“முழுசான்னா பொய்யாயிரும் சாமி,” என்றார். “முக்கா இருக்கும். முட்டி வலிக்கிற அன்னைக்கி அதுலயும் கொஞ்சம் கொறையும்.”

சாமியார் தன்னுடையது எவ்வளவு என்று கணக்குப் போட்டாரோ என்னவோ, காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எப்டிங்க முக்கா வரைக்கும் வந்தீங்க?” என்று கேட்டார்.

ராசாங்கம் பாயை இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டு, அவரை வசதியாக உட்காரச் சொன்னார்.